ஆண்மை பற்றிய எண்ணங்களும் நெருங்கிய உறவில் நிகழும் வன்முறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மாணவர்களிடமும், மகளிர் குழுக் கூட்டங்களிலும், ஆண்கள் மட்டும் கூடும் பயிற்சி வகுப்புகளிலும் குடும்ப வன்முறை குறித்துப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றை அடியொற்றி எழுதப்பட்டிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஆண்மைக்கும் வன்முறைக்கும் தொடர்பு இருக்கிறது என்றால், ஆம்பளை என்றாலே அடிப்பவன் என்று சொல்ல வருகிறீர்களா?

இல்லை. ஆணாகப் பிறப்பது வேறு. "ஆம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று வீடும் தெருவும் பள்ளியும் சேர்ந்து ஒரு சிறுவனுக்குக் கற்பிக்கும் நெறிகள் வேறு. இங்கே பேசப்படுவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே. அந்த நெறிகளும் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. குடும்பத்துக்காக உழைப்பதும், ஆபத்தில் முன்னே நிற்பதும், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதும் ஆண்மை என்ற பெயரில்தான் கற்பிக்கப்படுகின்றன. வீட்டில் கடைசிப் பேச்சு தன்னுடையதாக இருக்க வேண்டும், மனைவி கட்டுக்குள் இருக்க வேண்டும், அழுவது இழுக்கு, அவமானத்துக்குப் பதிலடி கொடுக்காதவன் ஆணே இல்லை என்பனவும் அதே பெயரில் வந்து சேர்கின்றன. வன்முறையோடு ஆய்வுகள் தொடர்புபடுத்துவது இந்தப் பின்னவற்றைத்தான்.

ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கானல் 1980களிலிருந்து வலியுறுத்திவரும் ஒரு கருத்து இங்கே உதவும். எந்தச் சமூகத்திலும் ஆண்மை என்பது ஒன்றல்ல, பல. அவற்றில் ஏதோ ஒன்று மற்றவற்றுக்கு மேலாக உயர்த்தி வைக்கப்பட்டு, எல்லா ஆண்களும் அதைக் கொண்டே அளக்கப்படுகிறார்கள். அப்படி உயர்த்தப்படும் வடிவம் பெண்ணின் மீதான அதிகாரத்தை எவ்வளவு தூரம் தனக்குள் வைத்திருக்கிறது என்பதே நம் கேள்வி.

2. கை நீட்டினால்தானே வன்முறை? என் வீட்டுக்காரர் ஒரு நாளும் அடித்ததில்லை, ஆனால் எதற்கும் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதுவும் இதில் சேருமா?

சேரும். இந்தியாவில் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல்ரீதியானது, பாலியல்ரீதியானது, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பொருளாதாரரீதியானது என்று அத்தனையையும் குடும்ப வன்முறையாகவே வரையறுக்கிறது. திருமணம் ஆகாமல் திருமணத்தைப் போன்ற உறவில் சேர்ந்து வாழ்பவருக்கும் அது பொருந்தும்.

சம்பளம் வந்த அன்றே மனைவியின் ஏடிஎம் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது, பேருந்துக்கும் காய்கறிக்கும் எண்ணிக் கொடுத்து இரவில் கணக்குக் கேட்பது, வாட்ஸ்அப்பில் கடைசியாக எத்தனை மணிக்கு இருந்தாள் என்று பார்த்து விசாரிப்பது, அம்மா வீட்டுக்குப் போவதைச் சிறிது சிறிதாகக் குறைத்து அறவே நிறுத்துவது ஆகியவை தனித்தனியாகப் பார்த்தால் சிறியவையாகத் தெரியலாம். ஒன்றுசேரும்போது அவை ஒருவரின் நாளையே கைப்பற்றிவிடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் எவன் ஸ்டார்க் இதை வற்புறுத்திக் கட்டுப்படுத்தல் என்று விளக்கினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015இன் சட்டப்படி இது தனிக் குற்றம். அடியே விழாத வீடுகளிலும் அச்சம் குடியிருக்க முடியும்.

3. நம்ம ஊரில் இதெல்லாம் குறைவுதானே? வடக்கில்தான் அதிகம் என்று கேள்விப்பட்டேன்.

கணக்குகள் அப்படிச் சொல்லவில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை அனுபவித்திருப்பதாகக் கூறினர். தமிழ்நாட்டில் அந்த அளவு 38.1 சதவீதம், அதாவது நாட்டின் சராசரியைவிட அதிகம். இலங்கையில் 2019இல் நடந்த தேசிய ஆய்வில் துணைவரிடம் இத்தகைய வன்முறையை அனுபவித்தவர்கள் 20.4 சதவீதம். கேள்விகளும் வயது வரம்புகளும் வேறுபடுவதால் இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த இந்தியக் கணக்கெடுப்பில் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்களில் சுமார் 77 சதவீதத்தினர் உதவி கேட்டதுமில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் இப்படி எதுவும் நடப்பதில்லை என்று தோன்றினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மௌனம்தான்.

4. சரி, குறிப்பாக எந்தெந்தப் பண்புகள் வன்முறையோடு தொடர்புடையவை?

இந்தப் பக்கத்தின் மையமே இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உளவியலாளர்கள் தொடக்கத்தில், 1970களில், ஆண்மையை ஆளுமைக் குணங்களின் தொகுப்பாக அளந்தார்கள். தன்னம்பிக்கை, முடிவெடுக்கும் திறன், போட்டியுணர்வு போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தக் குணங்களுக்கும் மனைவியை அடிப்பதற்கும் உறுதியான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. டேவிட் சுகர்மன், சூசன் ஃபிராங்கல் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட அலசலும், ஆணாதிக்கச் சிந்தனைதான் காரணம் என்ற கருத்துக்கு அரைகுறை ஆதரவையே கண்டது. வன்முறையைச் சரியென்று கருதும் மனப்பான்மை மட்டும் தெளிவாகத் தனித்து நின்றது. துணிச்சலும் உறுதியும் உள்ள ஆண் ஆபத்தானவர் என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை.

பின்னர் வந்த ஆய்வுகள் கேள்வியை மாற்றிக்கொண்டு, ஓர் ஆண் எப்படிப்பட்டவன் என்பதை விட்டு, ஆண் என்பதால் தனக்கு எவையெல்லாம் உரியவை என்று அவன் நினைக்கிறான் எனக் கேட்கத் தொடங்கின. அப்போதுதான் தொடர்பு துலங்கியது. மனைவி தனக்குக் கீழ்ப்படிய வேண்டியவள் என்ற நினைப்பு, உடலுறவு கணவனின் உரிமை என்ற நினைப்பு, பெண்கள் மீதான அவநம்பிக்கையும் பகையுணர்வும், "தப்பு செய்தால் தட்டிக் கேட்கத்தான் வேண்டும்" என்ற ஒப்புதல் ஆகியவை பல நாடுகளின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தென்படுகின்றன. 2013இல் வெளியான ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் ஆய்வில் வங்கதேசம், கம்போடியா, சீனா, இந்தோனேசியா, இலங்கை, பப்புவா நியூ கினி ஆகிய ஆறு நாடுகளைச் சேர்ந்த 10,000க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்றனர். பாலியல் வன்முறையில் ஈடுபட்டதாக ஒப்புக்கொண்டவர்கள் அதற்குச் சொன்ன காரணங்களில் முதலிடம் பெற்றது, உடலுறவு தங்களுக்கு உரியது என்ற எண்ணம்.

உரிமை என்ற நினைப்புக்கு அடுத்து வருவது அதை இழந்துவிடுவோமோ என்ற பயம். ஆண்மை பிறப்பிலேயே கிடைத்துவிடுவதில்லை, அதை ஓயாமல் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும், எந்த நேரமும் பறிபோகலாம் என்று பல சமூகங்கள் ஆண்களை நம்பவைக்கின்றன. அமெரிக்க உளவியலாளர்கள் ஜெனிஃபர் பாசன், ஜோசஃப் வாண்டெல்லோ ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஆண்களில் சிலரைப் பொம்மைத் தலையின் முடியைப் பின்னச் சொன்னார்கள். மற்றவர்களைக் கயிற்றைப் பின்னச் சொன்னார்கள். இரண்டுக்கும் விரல் வேலை ஏறக்குறைய ஒன்றே. அதன்பின் குத்துவதற்கு மெத்தைத் திண்டு கொடுத்தபோது, முடி பின்னியவர்கள் மற்றவர்களைவிட ஓங்கிக் குத்தினார்கள். அது ஆய்வுக்கூடத்துத் திண்டுதான், ஒரு பெண்ணல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஆண்மை கேள்விக்குள்ளானது என்ற உணர்வை ஆண்கள் எதைக் கொண்டு சரிக்கட்ட முனைகிறார்கள் என்பதை அது காட்டுகிறது. "பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுறான்" என்று நண்பர்கள் சிரித்த இரவில் ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பதை இதோடு பொருத்திப் பார்க்கலாம்.

மூன்றாவது, உணர்வுகளை அடக்கும் பழக்கம். பயம், வெட்கம், துக்கம் எதையும் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவருக்குக் கோபம் ஒன்றுதான் அனுமதிக்கப்பட்ட உணர்வாக மிஞ்சுகிறது. இது மட்டும் தனித்து இருந்தால் அந்த ஆள் பெரும்பாலும் தன்னையே வருத்திக்கொள்கிறார். முதல் இரண்டோடு சேரும்போதுதான் அது மனைவியின் மேல் திரும்புகிறது என்பது என் மதிப்பீடு.

5. மனசுக்குள் இருக்கும் ஆண்மையை எப்படி அளக்க முடியும்? கேட்டால் எல்லோரும் நல்ல பிள்ளையாகத்தானே பதில் சொல்வார்கள்?

கருத்து வாக்கியங்களைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்பதே வழக்கமான முறை. பிரேசிலில் ஜூலி புல்விட்ஸ், கேரி பார்க்கர் ஆகியோர் உருவாக்கிய அளவுகோல் பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. ஒரு பெண் அடி வாங்க வேண்டிய சமயங்களும் உண்டு, குடும்பம் சிதையாமலிருக்கப் பெண் வன்முறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பன போன்ற வாக்கியங்கள் அதில் இருக்கின்றன.

ஆண்கள் மறைப்பார்கள் என்ற ஐயம் நியாயமானதுதான். ஆனால் மறைக்க வேண்டிய செயல் என்று கருதினால்தானே மறைப்பார்கள்? பெண்கள் குறித்த சர்வதேச ஆய்வு மையமும் ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியமும் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, ஒடிசா, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய 7 மாநிலங்களில் 9,205 ஆண்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், துணைவியிடம் ஏதோ ஒரு வகை வன்முறையில் ஈடுபட்டதாக 60 சதவீத ஆண்கள் கூறினர். வன்முறையை அனுபவித்ததாகக் கூறிய பெண்கள் 52 சதவீதம். செய்தவர்கள் சொன்ன அளவு, பட்டவர்கள் சொன்ன அளவைவிட அதிகம். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. சொல்வதற்குக் கூச்சப்படாத அளவுக்கு அது இயல்பாகியிருக்கிறது.

6. ஆம்பளைக்கு ஹார்மோன் அப்படி. இயற்கையை மாற்ற முடியுமா?

ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் ஆக்ரோஷத்துக்கும் மனிதர்களிடம் தென்படும் தொடர்பு மிகவும் பலவீனமானது என்பதே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. நான்காம் பதிலில் குறிப்பிட்ட ஐக்கிய நாடுகள் ஆய்வில், துணைவியிடம் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையில் ஈடுபட்டதாகச் சொன்ன ஆண்களின் விகிதம் இடத்துக்கு இடம் 26 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை மாறுபட்டது. ஹார்மோன் எல்லா ஊர்களிலும் ஒன்றுதான்.

7. அவருக்குக் கோபம் வந்தால் தன்னையே மறந்துவிடுவார், மற்றபடி தங்கமான மனிதர். இதைப் போய் அதிகாரம் என்கிறீர்களே?

தன்னை மறந்தவர் யாரிடம் மறக்கிறார் என்று பாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் திட்டியபோது தலைகுனிந்து நின்றவர், ஒன்பது மணிக்குக் குழம்பில் உப்பு குறைந்தது என்று தட்டை வீசுகிறார். போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தி அபராதம் போட்டால் "சரிங்க சார்" என்கிறார். அடிக்கும்போதுகூட ரவிக்கைக் கை மறைக்கும் இடமாகப் பார்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆத்திரத்தில் உடைவது அவளுடைய கைப்பேசியாக இருக்கும், அவருடையது பத்திரமாக இருக்கும். வெளியே அழைப்பு மணி அடித்தால் நொடியில் குரல் மாறி, புன்னகையோடு கதவைத் திறப்பார்.

கோபம் பொய்யல்ல, உண்மையாகவே வருகிறது. ஆனால் அதை எங்கே இறக்கலாம், எங்கே இறக்கக் கூடாது என்ற கணக்கு அந்தக் கோபத்திலும் வேலை செய்கிறது. யாரிடம் காட்டினால் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவைத்தான் அதிகாரம் என்கிறோம்.

8. எங்கள் தெருவில் அடிப்பவர்கள் எல்லாம் குடிகாரர்கள். டாஸ்மாக்கை மூடிவிட்டால் பிரச்சினை தீராதா?

குடிக்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பு மிக வலுவானது, அதை மறுப்பதற்கில்லை. மூன்றாம் பதிலில் சொன்ன அதே கணக்கெடுப்பில், அடிக்கடி போதையாகும் கணவர்களைக் கொண்ட பெண்களில் சுமார் 70 சதவீதத்தினர் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை அனுபவித்திருந்தனர். மாலையில் சாராய நாற்றத்தோடு யார் வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக் கொண்டே குழந்தைகளுக்குச் சோறூட்டும் பெண்களுக்குக் கடை மூடப்படுவது உண்மையான நிம்மதி. தமிழ்நாட்டில் மதுக்கடைகளுக்கு எதிராகப் பெண்கள் போராடுவதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் அதே கணக்கெடுப்பில், குடிக்கவே குடிக்காத கணவர்களைக் கொண்ட பெண்களிலும் சுமார் 23 சதவீதத்தினர் வன்முறையை அனுபவித்திருந்தனர். நாலில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான அந்த அளவை எந்தக் கடையை மூடியும் போக்க முடியாது. குடித்த ஆண்களிலும் எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துவிடுகிறார்கள். போதை தடையைத் தளர்த்துகிறது, அடியின் வேகத்தைக் கூட்டுகிறது. யாரை அடிக்கலாம் என்பது குடிப்பதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

9. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பார்கள். சந்தேகப்படுவதும் அன்பின் மிகுதிதானே?

அடித்த பிறகு அணைப்பது உண்மையிலேயே நடக்கிறது. அழுது, காலில் விழுந்து, மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கி வந்து, குழந்தை மேல் சத்தியம் செய்கிற கணவர்கள் பலர். அந்த நேரத்து வருத்தம் நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எனினும் அந்த அணைப்பே அடுத்த அடி வரைக்கும் அவளை அங்கேயே நிறுத்தி வைக்கிறது.

சந்தேகத்தைப் பொறுத்தவரை, இரண்டாம் பதிலில் பட்டியலிட்டவற்றை ஒரு முறை பாருங்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பும் வேறு ஆணிடம் பேசினால் கோபப்படுவது, நடத்தையைப் பழிப்பது, தோழிகளைச் சந்திக்க விடாதது, பிறந்த வீட்டுத் தொடர்பைக் குறைப்பது, எந்நேரமும் எங்கே இருக்கிறாள் என்று கேட்பது, பண விஷயத்தில் நம்பாதது ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் நடத்தைகளாகவே கேட்டது. இவை கூடக்கூட, வன்முறையும் கூடுகிறது. தன் உடைமையை வேறொருவர் தொட்டுவிடுவாரோ என்ற பதற்றம் காதலிக்கும் பருவத்தில் மட்டும் அக்கறையைப் போலத் தோன்றும்.

10. பெண்களே இதைச் சரி என்கிறார்களே? மாமியார்தானே பல வீடுகளில் தூண்டிவிடுகிறார்?

ஆம். அந்தக் கணக்கெடுப்பில் 7 சூழ்நிலைகளைச் சொல்லி, அவற்றில் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டபோது, ஏதேனும் ஒன்றிலாவது நியாயம் என்றவர்கள் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44 சதவீதம். சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, ஒழுங்காகச் சமைக்காதது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதிகம் பேர் ஒப்புக்கொண்ட காரணம், மாமனார் மாமியாரை மதிக்காதது.

ஆண்மை நெறிகளை ஆண்கள் மட்டும் காப்பாற்றுவதில்லை. "பொட்டச்சி மாதிரி அழாதடா" என்று மகனை அதட்டுவதும், "என் பிள்ளை அவளை அடக்கி வைக்கத் தெரியாதவன்" என்று மருமகள் எதிரிலேயே பேசுவதும் பெரும்பாலும் ஒரு தாய்தான். தன் காலத்தில் அடி வாங்கிய அவருக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே அதிகாரம் மகன் வழியாக வந்தது. அதைப் புரிந்துகொள்கிறேன். அதற்காக அவருடைய பங்கை மறைக்கவும் முடியாது. சட்டமும் கணவரின் உறவினர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை.

11. படித்து நல்ல வேலையில் இருப்பவர்களிடம் இது இருக்காதே? மனைவி சம்பாதித்தால் மரியாதை தானாக வருமே?

கணவரின் படிப்பு கூடக்கூட வன்முறை குறைவதைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன, ஆனால் எந்தப் படிநிலையிலும் அது இல்லாமல் போவதில்லை. மனைவியின் வருமானம் இன்னும் சிக்கலானது. வேலைக்குப் போகும் பெண்கள் போகாதவர்களைவிட அதிகமாக வன்முறையை எதிர்கொள்வதாக இந்தியக் கணக்கெடுப்புகளில் பதிவாகியிருக்கிறது. வறுமையால் வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள் அந்தத் தொகுப்பில் நிறைய இருப்பது ஒரு பகுதிக் காரணம். மற்றொரு பகுதி நான்காம் பதிலில் சொன்ன பயம்: சம்பாதிப்பவன் என்பதே ஆண்மையின் அடையாளமாக இருக்கும்போது, அவளுடைய சம்பளச் சீட்டு அவருக்கு அவமானச் சீட்டாகத் தெரிகிறது.

இதனால் பெண்கள் வேலைக்குப் போகக் கூடாது என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. வெளியேற வேண்டிய நாள் வந்தால் கையில் இருக்கும் அந்தச் சம்பளம்தான் வழி திறக்கும்.

12. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நானும் அப்படித்தான் ஆவேனா?

ஆக வேண்டும் என்ற விதி இல்லை. சிறு வயதில் தாய் அடி வாங்குவதைப் பார்த்தவர்கள் பின்னாளில் வன்முறையில் ஈடுபடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் காணப்படும் முடிவு. வாய்ப்பு அதிகம் என்பதற்கு, அப்படிப் பார்த்து வளர்ந்தவர்கள் எல்லோரும் அதையே செய்கிறார்கள் என்று பொருளில்லை. எத்தனையோ பேர் செய்வதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கும் இளைஞர்கள் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நின்ற எட்டு வயதுச் சிறுவனின் பயத்தை இன்னும் மறக்காதவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை நண்பரிடமோ ஆலோசகரிடமோ வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் அதுவே பெரிய தொடக்கம்.

13. பெண்களும் அடிக்கிறார்களே? ஆண்களைக் காக்க ஒரு சட்டமும் இல்லையே?

பெண்கள் அடிப்பதும் வதைப்பதும் உண்டு. அடி வாங்கும் ஆண் வெளியே சொன்னால் கேலிதான் கிடைக்கிறது. அந்தக் கேலியும் நாம் பேசிவரும் அதே ஆண்மை நெறியின் விளைவே. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்புக் கோரக்கூடியவர் பெண் மட்டுமே என்பதும் சரி. அதே ஆண்டு இலங்கை இயற்றிய 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அந்த வரையறை இல்லை, ஆணும் விண்ணப்பிக்கலாம்.

எண்ணிக்கையை மட்டும் கேட்கும் ஆய்வுகளில், ஒருவரையொருவர் தள்ளுவதும் அறைவதும் இருபாலரிடமும் நெருக்கமான அளவில் தென்படுவதுண்டு. யார் யாருக்குப் பயந்து வாழ்கிறார், யாருக்குக் காயம், யார் உயிர் போகிறது என்று கேட்கும்போது படம் மாறிவிடுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன், சண்டை முற்றிக் கைகலப்பாவதையும், ஒருவர் மற்றவரை அச்சத்தால் ஆள்வதையும் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டியது இதனால்தான். 2023இல் உலகில் கொல்லப்பட்ட பெண்களிலும் சிறுமிகளிலும் சுமார் 60 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 51,100 பேர், துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டவர்கள் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு கணித்திருக்கிறது. கொல்லப்பட்ட ஆண்களில் அப்படி இறந்தவர்கள் சுமார் 12 சதவீதம்.

14. இரண்டு பெண்கள் அல்லது இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் உறவில் வன்முறை வந்தால், இந்த விளக்கம் அடிபட்டுப் போகாதா?

அத்தகைய உறவுகளிலும் வன்முறை நடக்கிறது என்பது ஆய்வுகளில் தெளிவு. ஆண்மை நெறிகளே எல்லா வன்முறைக்கும் ஒரே வேர் என்று யாராவது சொன்னால், அந்தக் கூற்று இங்கே உடைந்துபோகும். நான் அப்படிச் சொல்லவில்லை. துணை தனக்கு உரியவர் என்ற நினைப்பும், அவரை இழக்கும் அச்சமும் எவரிடமும் முளைக்கலாம். ஆணுக்கு அந்த நினைப்பை ஊரும் உறவும் உரிமையாகவே எழுதிக் கொடுத்திருக்கின்றன என்பதுதான் வேறுபாடு. தன்பாலின இணையர்களுக்குக் கூடுதலாக ஒரு மிரட்டல் இருக்கிறது: "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்ற ஒரு சொல்லே ஒருவரைக் கட்டிப்போடப் போதுமானது.

15. தொடர்பு இருக்கிறது என்பதாலேயே காரணம் என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. ஒரே நாளில் மனப்பான்மையையும் நடத்தையையும் கேட்டுப் பதிவுசெய்யும் ஆய்வில் எது முந்தியது என்று தெரியாது. முதலில் அடித்துவிட்டு, பிறகு அதற்கு நியாயம் கற்பித்துக்கொண்டவராகவும் அவர் இருக்கலாம். வறுமை, குடி, பிள்ளைப் பருவக் கொடுமை ஆகியவை இரண்டையும் ஒருசேர வளர்த்திருக்கவும் கூடும்.

இதைவிட வலுவான சான்று, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட குழுக்களைக் கொண்டு செய்யப்படும் சோதனைகளிலிருந்து வருகிறது. ருவாண்டாவில் இளம் தந்தையரையும் அவர்கள் துணைவியரையும் சேர்த்து, குழந்தை வளர்ப்பு, வீட்டு வேலைப் பகிர்வு, முடிவெடுத்தல் குறித்துத் தொடர் அமர்வுகள் நடத்தினார்கள். 21 மாதங்களுக்குப் பின், அமர்வில் பங்கேற்ற இணையர்களில் கணவரிடம் உடல்ரீதியான வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் 33 சதவீதம். பங்கேற்காதவர்களில் 57 சதவீதம். தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியில் இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் முடிவுகள் வெளியான திட்டத்திலும், ஆண்கள் தாங்களே ஒப்புக்கொண்ட வன்முறை இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குறைந்திருந்தது. இத்திட்டங்கள் ஆண்மை எண்ணங்களோடு பேசும் முறையையும் குடியையும்கூடத் தொட்டன. ஆகவே முழுப் பலனையும் ஒன்றன் கணக்கில் எழுதிவிட முடியாது. நெறிகளை மாற்ற முயன்ற இடத்தில் அடி குறைந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

16. நானே என் மனைவியை அடித்திருக்கிறேன். கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்புக்குப் போனால் சரியாகிவிடுமா?

கோபத்தை மட்டும் குறிவைக்கும் வகுப்பு, ஏழாம் பதிலில் சொன்ன கணக்கைத் தொடாது. அடிப்பவர்களுக்கென்று அமெரிக்காவின் துலூத் நகரில் 1980களில் தொடங்கி உலகெங்கும் பரவிய குழுப் பயிற்சிகளின் பலனும் சிறியதாகவும் இடத்துக்கு இடம் மாறுவதாகவும் இருக்கிறது. ஆகையால் ஒரு வகுப்பு முடித்த சான்றைக் காட்டி மன்னிப்புக் கேட்காதீர்கள்.

என்ன நடந்தது என்பதை "ஆனால்" என்ற சொல் இல்லாமல் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அவள் பேசியது, அம்மா சொன்னது, அன்றைக்குக் குடித்திருந்தது எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது நீங்கள் எடுத்த முடிவு மட்டும். அவள் பிறந்த வீட்டில் போய் இருக்க விரும்பினால் தடுக்காதீர்கள், திரும்பி வர நாள் குறிக்காதீர்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதற்குத் தனியே சிகிச்சை எடுங்கள். அவள் உங்களுக்குப் பயப்படும் காலம் வரை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். அங்கே அவள் சொல்லும் உண்மைக்கு அன்று இரவே விலை கொடுக்க நேரலாம்.

17. இவ்வளவு கஷ்டம் என்றால் அவள் விட்டுவிட்டு வரவேண்டியதுதானே?

கேட்பது எளிது. விட்டுப் போகும் நேரமும் அதை ஒட்டிய நாள்களும்தான் மிக ஆபத்தானவை என்பது இத்துறையில் உழைப்பவர்கள் அனைவரும் அறிந்தது. கட்டுப்பாடு கைநழுவுகிறது என்று அவர் உணர்வது அப்போதுதான். முன்பு கழுத்தை நெரித்தவர், கொன்றுவிடுவேன் என்று மிரட்டுபவர், போகுமிடமெல்லாம் பின்தொடர்பவர் என்றால் ஆபத்து பல மடங்கு. குறிப்பாகக் கழுத்தில் கை வைத்ததை ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே தடம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

போவதா இருப்பதா, எப்போது என்ற முடிவு அவளுடையது. திட்டமிட உதவுவது நம் வேலை: ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைப்பது, கணவருக்குத் தெரியாத ஒரு தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்துகொள்வது போன்றவை. வீட்டைவிட்டுப் போயே ஆக வேண்டும் என்பதும் இல்லை; வீடு கணவர் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை 2005ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்குத் தருகிறது. இந்தியாவில் பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112, இலங்கையில் 1938.

18. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கிறது. புருஷன் பொண்டாட்டி சண்டையில் நாம் தலையிடலாமா?

தலையிடலாம். குடும்ப வன்முறை நடப்பதாக நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்றும், நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது எந்தப் பொறுப்பும் சுமத்தப்படாது என்றும் இந்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் பாதுகாப்பு அலுவலரைப் பற்றிய விவரம் கிடைக்கும்.

சத்தம் கேட்கும் நேரத்தில், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112ஐ அழையுங்கள். அவ்வளவு தூரம் போகவில்லை என்றால், இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய் மணியை அடித்து, தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டாலே போதும். பல சமயம் அந்த இடையீட்டில் ஓங்கிய கை இறங்கிவிடும். அவரிடம் போய் "உங்கள் மனைவி சொன்னார்" என்று மட்டும் எப்போதும் பேசாதீர்கள். மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, அவள் மாடியில் துணி காயப்போடும்போது தனியாகக் கேளுங்கள். முதல் முறை "ஒண்ணுமில்லைக்கா, கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்பாள். வற்புறுத்தாமல், எந்த நேரமும் கதவைத் தட்டலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் இன்னொரு முறை கேளுங்கள்.